ஏழாம் பக்கமும் மூன்றாம் படமும்

அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் கமா. ஒரு கமாவை எங்கே வைப்பது என்று அரை நாள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருப்பவன் என்று, தட்டச்சு செய்யும் அக்கா வைத்த பெயர். காப்புரிமை விண்ணப்பம் எழுதுகிறவனுக்கு அது திட்டு இல்லை. ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்ததை நாளைக்கு இன்னொருவன் தூக்கிக்கொண்டு போகாதபடி வார்த்தையால் வேலி கட்டுவதுதான் அவன் பிழைப்பு. வேலியில் ஓட்டை விழுவது அநேகமாக ஒரு கமா இடத்தில்தான்.

விசாரணை அன்று காலை காப்புரிமை அலுவலக வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். தேய்த்த சட்டை, சீவிய தலை, கல்யாணத்துக்கு வந்தவர் போல.

"நீ எதுக்குண்ணே வந்தே?"

"யாரு வேணாலும் வந்து உக்காரலாம்னு நீதானே சொன்னே."

"சட்டத்துல அப்படி இருக்கு. அதுக்காக வருவாங்களா? தூங்கி வழிவே."

"வழிஞ்சா துடைச்சுக்கறேன். என் நெஞ்சைச் செவுத்துல போட்டுக் காட்டப் போறாங்கன்னு உங்க அண்ணிக்கிட்ட சொல்லிட்டேன். எனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கான்னு இருபத்திரண்டு வருஷமா தேடறாளாம். இருந்தா போட்டோ எடுத்துட்டு வரச் சொன்னா."

கமா சிரிக்க முயன்றான்.

அன்று விசாரணைக்கு வந்த விண்ணப்பத்தின் மூன்றாம் படம் அண்ணனுடைய இதயம். இரண்டு வருஷத்துக்கு முன் அண்ணனுக்கு நெஞ்சை அடைப்பது போல இருந்தது. அப்போது ஸ்கேன் கருவி செய்யும் கம்பெனி ஒன்று தன் புது முறையைச் சோதித்துப் பார்க்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. தொடையில் துளை போட்டு, மெல்லிய குழாய் ஒன்றை ரத்தக் குழாய் வழியாக இதயம் வரைக்கும் ஏற்றி, சாயமருந்தை நேராக அங்கேயே விட்டு, அது பரவுகிற நாலைந்து நொடிக்குள் கருவி படம் பிடிக்க வேண்டும். அந்தக் கம்பெனியின் எழுத்து வேலை இவன் கையில் இருந்தது. "வரிசையில நிக்க வேணாம்ணே, நம்ம கம்பெனிதான், ராஜா மாதிரி பாத்துக்குவாங்க" என்று கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தவன் இவன்தான். ஒப்புதல் தாளில் ஆபத்துகள் ஒவ்வொன்றும் பொடி எழுத்தில் இருந்தன. "எல்லா இடத்துலயும் இப்படித்தான் அடிச்சு வெச்சிருப்பாங்க" என்று கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினான்.

படம் அற்புதமாக வந்தது. நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை, வெறும் வாயு. ஆனால் குழாய் நுழைந்த இடத்தில் ரத்தக் குழாய் கிழிந்து, உள்ளுக்குள்ளேயே ரத்தம் கட்டி, அடுத்த நாளுக்குள் கால் மரக்கட்டை போல விறைத்துச் சில்லிட்டுப்போனது. இரண்டு தடவை அறுத்தார்கள். கால் மிஞ்சியது. பாதத்தில் உணர்வு மிஞ்சவில்லை. தலையில் பதினாறு செங்கல் வைத்து மூன்று மாடி ஏறி, அந்தக் கூலியில் தம்பியைச் சட்டம் படிக்க வைத்த மனிதர், இப்போது கட்டட வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து உள்ளே வரும் லாரி நம்பரை எழுதுகிறார். "உன்னை மாதிரி எனக்கும் எழுத்து வேலைடா" என்பார். அதை அவர் குத்தலுக்காகச் சொல்வதில்லை. அதுதான் கமாவுக்குத் தாங்காது.

விண்ணப்பம் எழுதுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புது முறையைப் பெரிதாகக் காட்ட, அது வருவதற்கு முன் இருந்த தொல்லையை ஊதிப் பெருக்கி எழுதுவார்கள். அண்ணன் தொடையில் கட்டோடு படுத்திருந்த வாரம் கமா ஏழாம் பக்கத்தை எழுதினான். குழாய் ஏற்றும் இந்த வேலை உயிருக்கே ஆபத்தாகலாம், அறுவை மருத்துவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், ஆகவே ஒரே ஏற்றலில் எல்லாப் படங்களும் கிடைப்பது பெரிய நன்மை என்று எழுதினான். அந்தப் பத்தியில் ஊதிப் பெருக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அதுதான் இப்போது கழுத்தைப் பிடித்தது. மனித உடம்பில் செய்யும் அறுவையை யாரும் தன்னுடைய சொத்தாகப் பதிந்துகொள்ள முடியாது என்பது சட்டம். ஓர் உயிரைக் காப்பாற்றக் கை நீட்டும் மருத்துவர், இது யாருக்குச் சொந்தமான முறை, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று தயங்கி நிற்கக் கூடாது என்பதற்காக வைத்தது. கையில் ஊசி போடுவது போன்ற சில்லறை வேலைக்கு அந்தத் தடை இல்லை. கம்பெனியின் முறையோ குழாய் ஏற்றுவதில்தான் தொடங்குகிறது. இது அறுவை என்று காப்புரிமை அலுவலகம் ஆட்சேபக் கடிதம் அனுப்பிவிட்டது. ஏழாம் பக்கத்தை ஆதாரமாகக் காட்டியிருந்தது.

கடிதம் வந்த அன்று அவனுடைய சீனியர் வக்கீல் அதை மேஜையில் வீசினார். "ஆபத்து ஆபத்துன்னு யாருய்யா உன்னை எழுதச் சொன்னா? நம்ம வாயாலேயே நமக்கு எதிரா சாட்சி சொல்ல வெச்சிருக்கே."

"குழாய் ஏத்தறதை விட்டுட்டு, கருவி வேலை செய்யற விதத்தை மட்டும் கேட்டா கொடுத்துடுவாங்க சார்."

"கம்பெனிக்கு முழுசா வேணும். அரைகுறையா வாங்கறதுக்கு நாம எதுக்கு? ஊசி போடற மாதிரிதான், தினமும் நடக்கற வேலைதான்னு வாதாடு. ஏழாம் பக்கம் எச்சரிக்கைக்காகக் கொஞ்சம் கூட்டி எழுதினதுன்னு சொல்லு. வாய் இருக்கில்ல?"

வாய் இருந்தது. அதைக் கூட்டிக்கொண்டுதான் இன்று வந்திருந்தான்.

விசாரணை அறையில் நீள மேஜை, பின்னால் நான்கு பெஞ்சுகள். அதிகாரி ஜலதோஷத்தோடு இருந்த அம்மாள். பக்கத்தில் குமாஸ்தா ஒருவர், பேசுவதையெல்லாம் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அண்ணன் கடைசி பெஞ்சில் ஜன்னல் ஓரமாகப் போய், நீட்டினால்தான் வலி குறையும் அந்தக் காலை நடைபாதையில் நீட்டி உட்கார்ந்தார்.

கமா நன்றாகத்தான் பேசினான். எத்தனை மருத்துவமனைகளில் இது அன்றாடம் நடக்கிறது, எத்தனை பேர் அன்றே எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள் என்று அடுக்கினான். சுவரில் மூன்றாம் படம் விழுந்தது. கறுப்பில் வெள்ளைக் கிளைகளாக ஒரு மரம் போல நின்றது. பின்னாலிருந்து "அடேயப்பா" என்று மெல்ல ஒரு குரல் வந்தது.

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஏழாம் பக்கத்துல உயிருக்கே ஆபத்துன்னு எழுதியிருக்கீங்க. இப்ப ஊசி போடற மாதிரிங்கறீங்க. எது நிஜம்?"

"ஏழாம் பக்கம் எச்சரிக்கைக்காகக் கொஞ்சம் கூடுதலா எழுதினது மேடம்."

"அப்ப உங்க சோதனையில யாருக்கும் ஒண்ணும் ஆகலை?"

"இல்ல மேடம்."

"இதோ, இந்தப் படத்துல இருக்கறவரு. இவருக்கு?"

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கேட்டுச் சொல்கிறேன் என்று சமாளித்திருக்கலாம். ஆனால் வாதாடி வாதாடிச் சூடேறிய நாக்கு நிற்கவில்லை.

"நல்லா இருக்காரு மேடம். ஒரு பாதிப்பும் இல்ல."

சொல்லிவிட்டுத் திரும்பினான். திரும்பியிருக்க வேண்டியதில்லை. அண்ணன் முழங்காலுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து, மூட்டையை நகர்த்துவது போல அந்தக் காலைத் தூக்கி, பெஞ்சுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளிவிட்டு நிமிர்ந்து, குரூப் போட்டோவுக்கு உட்காருவது போலச் சிரித்த முகத்தோடு நேராகப் பார்த்தார்.

கமாவுக்குக் காதுமடல் கொதித்தது. தாள்களைப் புரட்டுவது போலப் புரட்டினான்.

"சரி," என்றார் அதிகாரி. "யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னே வெச்சுக்குவோம். அப்பவும் இதயத்துக்குள்ள குழாய் விடறது கைத்தேர்ச்சியும் ஆபத்தும் உள்ள அறுவைதான். நீங்க நல்லபடியா செய்யறீங்கங்கறதால அது ஊசி ஆயிடாது. இந்தக் கோரிக்கையை ஏத்துக்க முடியாது. கருவி வேலை செய்யற விதத்தை மட்டும் எழுதி ரெண்டு மாசத்துல கொடுங்க, பாக்கலாம்."

சொன்ன பொய்க்கு வேலையே இருக்கவில்லை. அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் முடிவு இதுதான்.

வெளியே வராந்தாவில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கேஸ் போச்சா?"

"போச்சுண்ணே."

"என் காலாலயா?"

"இல்ல. அது வேற."

"நான் டக்குன்னு உள்ள இழுத்துக்கிட்டேன். அந்தம்மா இந்தப் பக்கம் திரும்பினப்ப திக்குனு ஆயிடுச்சு. பாக்கல, நல்ல வேளை." அண்ணன் தொடையைத் தடவிக்கொண்டார். "நீ முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வராமலேயே இருந்திருப்பேன்ல. உனக்கு எவ்வளவு சங்கடம்."

அவர் ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் கமா வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பான்.

குமாஸ்தா நடவடிக்கைக் குறிப்போடு வந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வேண்டும். மூன்றாவது பக்கத்தில் அச்சில் இருந்தது: மூன்றாம் படத்திலுள்ள நபர் நலமாக உள்ளார் என்றும், அவருக்கு எப்பாதிப்பும் ஏற்படவில்லை என்றும் விண்ணப்பதாரர் தரப்பில் கூறப்பட்டது. கமாக்கள் சரியாக இருந்தன.

"இந்த வரியை மாத்தணும்," என்றான்.

"தப்பா அடிச்சுட்டேனா?"

"நீங்க சரியாத்தான் அடிச்சிருக்கீங்க. நான் சொன்னதுதான் தப்பு."

குமாஸ்தா அவனையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். "முடிவு மாறாது சார். வீணா உங்க பேருதான் கெடும். கம்பெனிக்கும் ஒரு நகல் போகும். யோசிச்சுக்குங்க."

அண்ணன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"போட்டுட்டு வாடா. ஒரு வரியில என்ன குடி முழுகிடப் போகுது?"

"நீ சும்மா இருண்ணே."

"வேலை போனா மறுபடி செங்கல் தூக்க எனக்குக் கால் இல்லடா. ஞாபகம் வெச்சுக்க." அண்ணன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் சட்டையை விடவில்லை.

கமா அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினான். வரியைக் குறுக்கே அடித்தான். ஓரத்தில் எழுதினான்: மேற்கண்டவாறு நான் கூறியது பொய். அந்த நபர் என் அண்ணன். குழாய் ஏற்றியதில் அவருடைய இடது கால் செயலிழந்தது. அவரை அங்கே அழைத்துச் சென்றவன் நான். இத்தனை நாள் எழுதியதிலேயே கமா இல்லாமல் எழுதியது இதுவாகத்தான் இருக்கும். எழுதி முடித்தபோதும் மனசு லேசாகவில்லை. தோற்றுப்போன பிறகு சொல்லும் உண்மைக்கு என்ன விலை என்று அவனுக்குத் தெரியாதா? ஜெயித்திருந்தால் இந்த வரியைத் தொட்டிருப்பானா? மாட்டான். அது அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"அதிகாரியம்மா பாத்துக் கையெழுத்துப் போடணும்," என்றார் குமாஸ்தா. "உள்ள வாங்க."

அதிகாரி ஒரு தடவை படித்தார். மறுபடி படித்தார். திட்டுவார் என்று கமா காத்திருந்தான்.

"கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தாரே, அவரா?"

"ஆமா மேடம்."

"காலைத் தூக்கி உள்ள வெச்சதைப் பாத்தேன். எதுக்கு இப்படிக் கஷ்டப்படறாருன்னு நினைச்சேன்." தும்மினார். கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "நீங்க போகலாம்."

வராந்தாவில் அண்ணன் எழுந்து சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"என்னடா சொன்னாங்க? வேலைக்கு ஒண்ணும் வராதுல்ல?"

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிடலாம். அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது.

"நீ காலை ஒளிச்சதை அவங்க பாத்துட்டாங்களாம்ணே."

அண்ணனின் முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது. கால் செயலிழந்த நாளிலிருந்து அவர் இப்படித் தலை குனிந்து கமா பார்த்ததில்லை. சட்டைப் பித்தானைத் தடவினார், போட்டிருந்த பித்தானையே மறுபடி போட்டார்.

"அப்ப நானும் உன்கூடச் சேர்ந்து பொய் சொன்னேன்னு ஆயிடுச்சு," என்றார்.

அண்ணன் திரும்பி நடந்தார். இம்முறை காலை மறைக்கவில்லை. செருப்பு சிமெண்டுத் தரையில் சரக், சரக் என்று இழுபட்டது. வராந்தாவில் கோப்போடு நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கமா அவருக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளவில்லை. அந்தச் சத்தத்துக்கு நாலடி பின்னால், அவர்கள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே நடந்தான்.