எல்லாம் ஓடும் என்றேன்

விண்டோஸ் என்ற பேரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நன்றாக ஓடுகிற கணினியைப் பழசு என்று அந்தக் கம்பெனி ஒதுக்கச் சொன்னால் யாருக்குத்தான் வராது? அதனால் அமெரிக்காவில் ஏரிக்கரை ஊரான எங்கள் டலூத்தின் நூலகக் கீழ்த்தளத்தில் சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச லினக்ஸைப் போட்டுக்கொடுக்கிறேன். இந்த அக்டோபரோடு பழைய விண்டோஸைக் கைவிடுகிறோம் என்று கம்பெனி அறிவித்துவிட்டதால் கூட்டம் தாங்கவில்லை.

லோர்னா ஹொக்கானென் என்பவளும் அப்படித்தான் வந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், ஐம்பத்தாறு வயது. ஒன்பது வருடத்து லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"ஹார்லன், திங்கக்கிழமை பத்து மணிக்கு எனக்குப் பரீட்சை. மருந்தக உதவியாளர் வேலைக்கு. வீட்ல இருந்தே எழுதணும். இது தாங்குமா?"

பென்டிரைவைச் செருகி, எதையும் அழிக்காமல் லினக்ஸை அதிலிருந்தே ஓட்டிக் காட்டினேன். வைஃபை வந்தது, கேமரா வந்தது, மைக்கும் வந்தது.

"அட, என் பஸ்ஸை விட வேகமா கிளம்புதே," என்று சிரித்தாள். பிறகு கேட்டாள்: "அந்தப் பரீட்சை இதுல ஓடும்ல?"

"எல்லாம் ஓடும்," என்றேன்.

என்ன பரீட்சை, யார் நடத்துகிறார்கள், எதையும் விசாரிக்கவில்லை. வாய்க்கு வந்தது, சொல்லிவிட்டேன். விண்டோஸை மொத்தமாக அழித்து லினக்ஸை ஏற்றி அனுப்பினேன்.

திங்கள் காலை எட்டரைக்கு அதே லேப்டாப்போடு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். முகம் வெளிறியிருந்தது.

"பரீட்சையில நம்மளக் கண்காணிக்க ஒரு புரோகிராம் போடச் சொல்றாங்க. விண்டோஸ் இருந்தாத்தான் போட முடியுமாம். நீங்க ஓடும்னு சொன்னீங்களே."

எனக்குத் தெரிந்த குறுக்குவழிகளையெல்லாம் முயன்று பார்த்தேன். அந்தப் புரோகிராம் ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து விரட்டியது. மணி ஒன்பதேகால். விண்டோஸைத் திரும்ப ஏற்ற நேரமில்லை. இன்று விட்டால் அடுத்த தேதி ஜனவரியில்தான். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அவளுக்காக வைத்திருந்த வேலை அதுவரை காத்திருக்காது.

"ரெண்டு தடவை ஃபெயிலாகிட்டேன். இந்தத் தடவைதான் ஒழுங்கா படிச்சேன்," என்றாள். அவள் அழவில்லை. அழுது திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

என் மனைவி பெர்னிஸிடம் புது விண்டோஸ் லேப்டாப் இருக்கிறது. வாங்கியதிலிருந்து அதை நான் கிண்டல் செய்யாத நாளில்லை. வெட்கத்தை விட்டுச் சமையலறைக்குப் போனேன்.

"பெர்னிஸ், உன் லேப்டாப் வேணும்."

"எதுக்கு, குப்பையில போடவா?"

நடந்ததைச் சொன்னேன். அவள் என்னை ஏறிட்டும் பார்க்காமல் லேப்டாப்பைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தாள்.

"நீ உக்காரு லோர்னா. ஹார்லன், நீ கை வைக்காத. வச்சா இதையும் துடைச்சு வச்சிருவ."

பரீட்சை எழுதுகிறவரைத் தவிர வேறு குரல்கூடக் கேட்கக் கூடாது என்பது விதி. எங்கள் வீடோ சின்னது. நானும் பெர்னிஸும் வாசலில் நின்ற காருக்குள் போய் உட்கார்ந்தோம். ஏரிக்காற்று கண்ணாடியை அறைந்தது.

"'தெரியல, பாத்துச் சொல்றேன்'னு சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு?" என்றாள்.

பிறகு பிளாஸ்க்கைத் திறந்து எனக்கும் காபி ஊற்றினாள்.

பன்னிரண்டு மணிக்கு மேல் லோர்னா கோட் இல்லாமலே ஓடிவந்து பின்சீட்டில் ஏறினாள்.

"பாஸ். ஸ்கிரீன்லயே காட்டிருச்சு."

பெர்னிஸ் திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கணினி என்றால் சும்மாவா என்று ஏதோ உளற ஆரம்பித்தேன்.

"இருங்க ஹார்லன்," என்றாள் லோர்னா. "எனக்குக் கேள்வியெல்லாம் தெரிஞ்சுதான் இருந்துச்சு. ஆனா ரெண்டு மணி நேரமும் இது எப்ப நின்னுடுமோன்னுதான் பாத்துட்டே இருந்தேன். உங்க மேல கோவம் இன்னும் போகல."

காலை எட்டரையிலிருந்து அவளிடம் எவ்வளவோ பேசியிருந்தேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

"என்னை மன்னிச்சுரு, லோர்னா," என்றேன்.