மூன்றில் ஒரு பங்கு

புயல் கரையைக் கடந்து இரண்டு நாளாகிவிட்டது. தெருவில் வெள்ளம் வடிந்தும், தரைக்குக் கீழே இருந்த தையற்கூடத்தில் மட்டும் கடல்நீர் ஆள் உயரத்துக்கு நின்றது. எட்டு மிதி மெஷின்களும் அதற்குள் மூழ்கிக் கிடந்தன. கடலைப் பார்த்த பக்கம் தெருமரங்களின் இலையெல்லாம் உப்புக்காற்றில் தீப்பட்டதுபோல் கருகியிருந்தது. இலைக்கே இந்தக் கதி என்றால் இரும்பு என்னவாகும் என்று தையற்கார அம்மா பம்புக்காரருக்குச் சொல்லி அனுப்பினார். அந்த மெஷின்களை நம்பி எட்டு வீட்டில் அடுப்பு எரிந்தது.

பம்புக்காரர் வந்து குழாயை இறக்கினார். மூன்று படி வெளியே தெரிந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

“ஏன் தம்பி, டீசல் தீர்ந்துடுச்சா?”

“இருக்கு அக்கா. மூணுல ஒரு பங்குதான் இன்னிக்கு. மிச்சம் நாளைக்கும் நாளன்னிக்கும்.”

உதவிக்கு வந்திருந்த நாத்தனார் சும்மா இருப்பாரா? “பம்பு வெச்சு இறைக்கிறீங்களா, ஸ்பூன் வெச்சா?”

பம்புக்காரர் சிரித்துவிட்டார். “சுவருக்கு அந்தப் பக்கம் மண்ணு ஊறிச் சேறா நின்னு உள்ள தள்ளுது. உள்ள இருக்கிற தண்ணிதான் அதைத் தாங்கிட்டு இருக்கு. மொத்தமா எடுத்தா சுவர் சரிஞ்சிடும். மேல மூணு மாடி, நிறைய குழந்தைங்க.”

“இன்னும் ரெண்டு நாள் உப்புல கிடந்தா மெஷின் தேறுமா தம்பி?” அந்த அம்மா குனிந்து தண்ணீருக்குள் பார்த்தார்.

தண்ணீர் இறைக்கப் பம்புக்காரரை எதிர்பார்த்து மருந்துக்கடைக்காரரும் இன்னொரு தெருக்காரரும் காத்திருந்தார்கள். அவர் வெளியே போய்ச் சுவரில் விரிசல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்; இல்லை. திரும்பி வந்து சட்டையைக் கழற்றினார்.

“மெயின் ஸ்விட்ச் அணைச்சாச்சுல்ல? தண்ணிதானே மெதுவா வரணும். மெஷின் இப்பவே மேல வரலாமே. ஒரு ஸ்பேனர் குடுங்க.”

மார்பளவு அழுக்குத் தண்ணீரில் இறங்கினார். மூச்சைப் பிடித்து முங்கி, ஒவ்வொரு மெஷினிலும் ஊசியும் சக்கரமும் உள்ள தலையை மேசையிலிருந்து கழற்றிக் கொடுத்தார். படியில் ஒதுங்கியிருந்த கடல்நண்டு அவர் விரலைக் கவ்வியது. “பாருங்க, இதுக்கும் வீடு போச்சு” என்று அதை வாளியில் போட்டார். மேலே இரண்டு பெண்களும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விட்டார்கள்.

பெருங்காற்று ஏன் வருகிறது என்று கடவுளைக் கேட்டால் எனக்குப் பதில் புரியாது. அந்த மனிதரைத் தண்ணீரில் இறக்கியது யார் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

எட்டாவது தலை மேலே வந்ததும் அம்மா முதல் மெஷினின் சக்கரத்தைக் கையால் திருப்பினார். நகரவில்லை. இன்னும் நாலு சொட்டு எண்ணெய். முனகியபடி சுற்றியது, ஊசி இறங்கி ஏறியது. கிழிந்த துணியில் ஒரு கோடு தைத்து நீட்டினார். தையல் நேராக இருந்தது.

“காலையில முதல் வேலையா இங்கதான் வருவேன் அக்கா” என்றார் பம்புக்காரர்.

“வேணாம் தம்பி. முதல்ல மருந்துக்கடைக்காரர்கிட்ட போங்க, பாவம், அவரும் தவிச்சிட்டு இருக்கார். எங்க சுவரை அந்தத் தண்ணியே பார்த்துக்கட்டும்.”