மிளகின் உச்சி

மிளகுக்குப் பெயருக்கேற்ற காரம். சிஹுவாஹுவா என்கிற மெக்ஸிகோ வம்சம். உலகத்திலேயே சின்ன நாய் இனம் என்பார்கள். எடை இரண்டு கிலோவைத் தொடவில்லை. உருண்டைத் தலை, அதற்குச் சற்றும் சம்பந்தமில்லாத பெரிய காதுகள், முழி பிதுங்கும் கண்கள். துவாரகா குடியிருப்பின் லிஃப்டில் லாப்ரடார் ஏறினால், அதன் காலடியில் நின்றுகொண்டே வம்புக்கு இழுக்கும்.

பயமெல்லாம் இராஜமாணிக்கத்துக்குத்தான். விமானப்படையில் முப்பது வருஷம் இன்ஜினைக் கழற்றி மாட்டிய கை அவருடையது. அந்தக் கையில் என்ன நொறுங்குமோ என்று, மகள் மதுமதி வாங்கிவந்த இந்த ஜீவனை எட்டு மாதமாக அவர் தொட்டதே இல்லை. கயிற்றைப் பிடிப்பதோடு சரி. மிளகும் மதுமதி ஒருத்தியைத்தான் மதித்தது.

மதுமதி ஆபீஸ் வேலையாகப் பூனா போயிருந்தாள். மனைவி சாந்தகுமாரி லோதி ரோட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போயிருந்தாள். அன்று மத்தியானம் அழைப்புமணி அடித்ததும் மிளகு சோபாவிலிருந்து குரைத்துக்கொண்டே குதித்து, டீப்பாய் காலில் மோதி உருண்டது. இராஜமாணிக்கம் பதறிப்போய் வாரியெடுத்தார். தலையைத் தடவினார். உச்சியில் எலும்பே இல்லை. விரல் பட்ட இடம் மெத்தென்று அமுங்கியது, அடியில் துடித்தது.

மண்டை உடைந்துவிட்டது என்றே முடிவுகட்டினார். ஸ்வெட்டருக்குள் மிளகை வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

"ஜல்தி, பையா" என்று டிரைவரை அவசரப்படுத்தினார்.

போகும்போதே மதுமதிக்குப் போன் செய்தார். மறைக்க மனம் வரவில்லை.

"உன் நாயைக் கொன்னுட்டேம்மா. நான் பார்த்துக்கிட்டிருக்கும்போதே விழுந்திருச்சு."

"அப்பா, முதல்ல டாக்டர்கிட்ட போங்க. லைன்லயே இருங்க."

டாக்டரம்மா மிளகின் தலையைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணில் டார்ச் அடித்தாள். மிளகு அவள் விரலைக் கடிக்கப் பார்த்தது. அவள் சிரித்துவிட்டாள். ஒரு அடியும் இல்லை, இந்த இனத்தில் நிறைய நாய்களுக்குப் பிறவியிலேயே உச்சிக்குழி உண்டு, சிலதுக்கு ஆயுசுக்கும் மூடாது என்று ஹிந்தியில் சொன்னாள். கைக்குழந்தைக்கு இருக்குமே அதுபோலத்தான், நீங்கள் பார்த்ததில்லையா அங்கிள் என்று கேட்டாள்.

அவர் பார்த்ததில்லை. மதுமதி பிறந்தபோது அவர் எல்லையில், லே விமானத்தளத்தில் இருந்தார். பத்து நாள் லீவில் வந்தவர், கை தவறிவிடுமோ என்று குழந்தையைத் தூக்கவே இல்லை. அடுத்த லீவுக்குள் அவள் நடக்க ஆரம்பித்திருந்தாள்.

போனில் மதுமதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எட்டு மாசமா வீட்ல இருக்கான். இன்னிக்குத்தான் அவன் தலையைத் தொட்டீங்களாப்பா?"

"ஆமாம்மா. உன் தலையையும் தொட்டதில்லம்மா. பயந்தே விட்டுட்டேன்."

"நாளைக்கு வந்துடுவேன்ப்பா, அப்ப தொடுங்க" என்றாள். "இப்ப அவனை ஸ்வெட்டருக்குள்ள வைங்க. குளிர் தாங்கமாட்டான்."