முதல் குறிப்பிலேயே நுழைந்துவிட்ட என் தங்கை

1

நான் கதை எழுத உட்காரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியர்களுக்காக வரும் மாத இதழின் பொறுப்பாளர் போன் செய்தார். "மேடம், ரிட்டயர் ஆனதுக்கப்புறம் போன், புரொஜெக்டர்னு எல்லாத்தையும் நோண்டிட்டே இருக்கீங்களாமே? வகுப்புக்குப் பயன்படற மாதிரி பத்து டெக்னாலஜி குறிப்பு எழுதிக் கொடுங்க. சுருக்கமா. கதையெல்லாம் வேணாம்" என்றார்.

என்னிடம் போய்க் கதை வேண்டாம் என்கிறார்! கணக்கு டீச்சராக இருந்தபோதே பின்னங்களைக் கதையாகத்தான் நடத்தினேன். ஒருமுறை மேலே இருந்த எண்ணும் கீழே இருந்த எண்ணும் சண்டை போட்டுக்கொண்டு பாதியில் பிரிந்து— சரி, அது இப்போது வேண்டாம்.

பேனாவை எடுத்தேன். நல்ல பிள்ளையாக எழுதினேன்:

குறிப்பு 1: பாடத்தை வீட்டில் போனில் பதிவு செய்யும்போது, துணி அலமாரியைத் திறந்துவைத்து அதன்முன் உட்கார்ந்து பேசவும். எதிரொலியைத் துணி விழுங்கிவிடும். பெரிய ஸ்டுடியோக்காரர்கள் கேட்டால் தொழிலையே விட்டுவிடுவார்கள்.

அவ்வளவுதான். அலமாரியைத் திறந்தேன், உள்ளே என் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

(உள்ளே இல்லை, முன்னால். தோளுக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் படிக்கிறார். "அந்த அலமாரில உன் துணிக்கே இடமில்ல, அவ எங்க போய் உக்காருவா?" என்கிறார். முன்னால் என்று திருத்திப் படித்துக்கொள்ளவும்.)

2

தங்கையை எப்படி உங்கள் முன் நிறுத்துவது? சில தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன்.

"ஏழாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை தன் குரலை இழந்த அன்று, வானத்தில் இடி—" இல்லை. அன்று நல்ல வெயில்.

"குரல் என்பது என்ன? காற்றா? அதிர்வா? இல்லை, மனிதனின்—" இதை அனுப்பினால் பொறுப்பாளர் இனி என் போனையே எடுக்கமாட்டார்.

"என் தங்கைக்குத் தொண்டை போய்விட்டது." இது போதும். ஆனால் எப்பேர்ப்பட்ட தொண்டை தெரியுமா! வகுப்பில் அவள் 'உக்காரு' என்று ஒரு சத்தம் போட்டால், பக்கத்துப் பல் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள்.*

* கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். பல் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பது மட்டும் உண்மை.

டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இனிமே கத்தவே கூடாது. ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம் பேசிக்கலாம். அதுவும் பக்கத்துல இருக்கறவங்களுக்கு மட்டும் கேக்கற மாதிரி. மீறினா, இருக்கறதும் போயிடும்மா."

பள்ளியின் தலைமையாசிரியர், எப்போது பார்த்தாலும் வராந்தாவில் சுற்றிக்கொண்டே இருப்பதால் ரவுண்டு சார் என்று பெயர் வாங்கியவர், விஷயத்தைக் கேட்டதும் உடனே முடிவு சொன்னார்: "ஏழாவதை வேற டீச்சர் பாத்துக்கட்டும். நீங்க ஆபீஸ்ல உக்காந்து மார்க் ஏத்துங்க."

தங்கை அன்று என் வீட்டுக்கு வந்து சோபாவில் விழுந்தாள். அந்தப் பள்ளியில் ஆபீஸ் நாற்காலிக்குப் போன டீச்சர் யாரும் வகுப்புக்குத் திரும்பி வந்ததில்லை. அவளுக்கு அந்த ஏழாம் வகுப்பு வேண்டும். இந்தக் கதையில் நடப்பதெல்லாம் அதற்காகத்தான்.

3

(இந்தப் பகுதியில் அவள் என் மடியில் தலைவைத்து அழுததாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். தங்கை படித்துவிட்டு அடித்துவிட்டாள். எப்படி ஆட்சேபித்தாள் என்பதே ஒரு குறிப்புதான்.)

குறிப்பு 2: எழுதியதை வாசித்துக் காட்டும் வசதி உங்கள் போனிலேயே இருக்கிறது. தேடினால் கிடைக்கும். அடிக்கடி சொல்கிற வாக்கியங்களை முன்பே தட்டச்சு செய்து சேமித்து வைத்தால், தொட்டவுடன் பேசும்.

தங்கை என்னிடம் சண்டை போடுவது இப்போது இப்படித்தான். தட்டுவாள், போன் பேசும். அந்தக் குரலுக்குக் கோபமும் தெரியாது, மரியாதையும் தெரியாது. ரயில் வருகிறது என்று சொல்வது போலச் சொல்லும்:

"அக்கா. நான். அழவில்லை. உன் சோபாவில். ஸ்பிரிங். குத்தியது."

"அடியே, கண்ணுல தண்ணி வந்துச்சா இல்லையா?"

"ஸ்பிரிங். பலமாக. குத்தியது."

அழுதுகொண்டே இருக்கிற ஆள் இல்லை அவள். மறுநாளே ரவுண்டு சாரிடம் போய், வெள்ளிக்கிழமை ஒரு வகுப்புக்கு வந்து உட்கார்ந்து பாருங்கள், அதற்கப்புறம் முடிவு பண்ணுங்கள் என்று போனை விட்டுச் சொல்ல வைத்தாள். அவரும் சரி என்றார்.

4, அல்லது குறிப்புகள் 3 முதல் 6 வரை ஒரே மூச்சில்

திட்டம் எளிது. ஒரு நாளைக்குக் கிடைக்கிற கொஞ்சப் பேச்சை வீட்டில் பதிவு செய்வது, வகுப்பில் ஸ்பீக்கரில் போடுவது. ஒருதடவை பேசினால் எல்லாப் பிரிவுக்கும் ஆயிற்று. அதற்காக நாங்கள் கற்றுக்கொண்டதைக் கேளுங்கள்: நீளமாகப் பதிவு செய்யாதீர்கள், ஒரு துண்டில் ஒரே ஒரு விஷயம். நெட்டை நம்பாதீர்கள், பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போங்கள். புத்தகத்தை அடுக்கி, மேல் புத்தகத்துக்கு வெளியே போனின் கேமரா எட்டிப் பார்க்கும்படி வைத்தால், கீழே நீங்கள் வரைவது புரொஜெக்டரில் தெரியும். மறக்காமல் போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். இல்லாவிட்டால், இதயத்தின் நான்கு அறைகளை வரையும்போது 'வரும்போது வெங்காயம்' என்று வீட்டிலிருந்து வருகிற செய்தியும் திரையில் தெரியும். வகுப்பே வெங்காயத்தை ஐந்தாவது அறை என்று எழுதிக்கொள்ளும்.*

* ஒரு பையன் மட்டும்தான் எழுதினான். ஆனால் அழகான கையெழுத்தில்.

எல்லாவற்றையும்விட முக்கியம் அடுத்தது. கேள்வி கேட்டதும் பதிவை நிறுத்தாதீர்கள். பிள்ளைகள் யோசிக்கிற மௌனத்தையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.

இதில்தான் கூத்து. வெள்ளிக்கிழமைப் பாடம் தண்ணீர் ஆவியாவது. தங்கை அலமாரியைப் பார்த்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள்: "தண்ணி கொதிச்சா ஆவியாகும். சரி, கொதிக்காமலே ஆவியாகுமா? யோசிங்க."

மௌனம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். திடீரென்று:

"கடைசி பெஞ்ச்சுல யாரது பேசறது? எழுந்து நில்லுங்க!"

கடைசித் தட்டில் என் போர்வைதான் இருந்தது. நான் சிரித்த சிரிப்பில் கட்டிலின் கால் ஒன்று ஒடிந்தே போயிற்று. (ஒடியவில்லை. ஆடியது.)

"யாருடி பேசினா? போர்வையா?"

தங்கைக்கே திகைப்பு. வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு இவ்வளவு நேரம் சும்மா இருந்தால், அடுத்து அந்த வாக்கியம் தானாக வந்துவிடும். பல வருஷப் பழக்கம். அதை வெட்டி எடுத்துவிடுகிறேன் என்றேன். போனில் எளிதுதான், ஓரத்தில் கத்தரிக்கோல் படம் இருக்கும். அவள் தடுத்தாள்.

"இருக்கட்டும். அக்கா. சரியாக. அந்த நேரத்தில். பேசுவார்கள்."

அப்படியே நடந்தது! வியாழக்கிழமை வேறு பிரிவில் போட்டுப் பார்த்தாள். அந்த இடம் வந்ததும் கடைசி பெஞ்சில் இரண்டு பேர் விருட்டென்று எழுந்து நின்றார்களாம். ஸ்பீக்கருக்குக் கண் இருக்கிறது என்று பள்ளி முழுக்கப் பேச்சு.

5

வில்லனைப் பற்றி ஒரு வார்த்தை.

ரவுண்டு சாரை நான் வில்லனாகத்தான் எழுதத் தொடங்கினேன். "புருவத்தை உயர்த்தி, உதட்டை மடித்து, வஞ்சகமாக—" என்று ஒரு வாக்கியம் பாதியில் நிற்கிறது. முடிக்க முடியவில்லை. அந்த மனிதர், தொண்டைக்கு நல்லது என்று வெந்நீர் பிளாஸ்க் ஒன்றைத் தன் காசில் வாங்கி வந்து தங்கையின் மேஜையில் வைத்தவர். கதைக்கு இவ்வளவு இடைஞ்சல் செய்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை. நல்லவர் ஒருவர் உங்களுக்கு நல்லது செய்ய வந்தால் எப்படித் தப்பிப்பது? வில்லன் என்றால் திட்டிவிட்டுப் போகலாம்.

6

வெள்ளிக்கிழமை.

(நான் அங்கே இல்லை. "அப்ப உனக்கு எப்படித் தெரியும்?" என்கிறார் தோளுக்குப் பின்னாலிருப்பவர். தங்கை தட்டியதையும், ரவுண்டு சார் வழியில் பார்த்துச் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். இரண்டிலும் இல்லாத ஒன்றிரண்டு என் அன்பளிப்பு.)

ரவுண்டு சார் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஸ்பீக்கர் பேசியது. பிள்ளைகள் கேட்டார்கள். "கொதிக்காமலே ஆவியாகுமா? யோசிங்க" என்றது. மௌனம். அந்த மௌனத்தில் ரவுண்டு சாரின் போன் அதிர்ந்தது. அவர் குனிந்து, வாயைப் பொத்திக்கொண்டு, "டேங்க் வழியுதா? மோட்டர ஆஃப் பண்ணுய்யா!" என்றார்.

"கடைசி பெஞ்ச்சுல யாரது பேசறது? எழுந்து நில்லுங்க!"

ரவுண்டு சார் எழுந்து நின்றார்.

எழுந்த மனிதர் உட்காரவும் இல்லை. உட்காரச் சொல்லி ஸ்பீக்கரில் எதுவும் வரவில்லையே! பாடம் அதன் பாட்டுக்கு மேலே போயிற்று. தங்கை பதறிப்போய் போனைத் தொட்டாள்.

"உட்காருங்கள். இனிமேல். பேசக்கூடாது."

முதல் பாதி மட்டும்தான் அவள் உத்தேசித்தது. பிள்ளைகளுக்காகச் சேமித்து வைத்த வாக்கியம் முழுசாக வந்துவிட்டது. ரவுண்டு சார் உட்கார்ந்தார். அவரே முதலில் சிரித்தார். அதற்கப்புறம் வகுப்பு சிரித்த சிரிப்பில் கூரை— கூரையை விட்டுவிடுகிறேன்.

ஸ்பீக்கர் ஓய்ந்ததும் தங்கை ஈரத்துணியால் கரும்பலகையில் ஒரு துடைப்புத் துடைத்தாள். ஈரத்தின் ஓரத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈரம் கோட்டை விட்டு உள்ளே உள்ளே சுருங்கி, கடைசியில் கோடு மட்டும் நின்றது. ஒரு வார்த்தை பேசவில்லை அவள்.

ரவுண்டு சார் மகிழ்ச்சியில் எழுந்துவிட்டார், இம்முறை யாரும் சொல்லாமலே. "பிரமாதம் டீச்சர்! இதையும் வீடியோவா எடுத்துடுவோம். எல்லாப் பாடத்தையும் எடுத்துடுவோம். அப்புறம் பெட்டிய ஆன் பண்ண ஒரு ஆள் போதுமே! நீங்க நிம்மதியா ஆபீஸ்ல உக்காரலாம். தொண்டையும் பிழைச்சுக்கும்."

பாருங்கள் நியாயத்தை. பாடம் சொதப்பியிருந்தால் ஆபீஸ். நன்றாக நடந்ததாலும் ஆபீஸ்.

அதே நேரம் முன் பெஞ்சிலிருந்து இரட்டைப் பின்னல் ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், தண்ணி ஆவியாகல. பலகை குடிச்சிருச்சு."

"ஆமா டீச்சர்! பலகை குடிச்சிருச்சு!" என்றது வகுப்பு முழுவதும்.

இந்தப் பதில் வரும் என்று நாங்கள் அலமாரி முன்னால் நினைக்கவே இல்லை. எந்தத் துண்டிலும் இதற்குப் பேச்சு கிடையாது. தங்கை ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கினாள். காலையிலிருந்து வீட்டில் ஒரு சொல்கூடப் பேசாமல், அன்றைய பேச்சு முழுவதையும் மிச்சம் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

7

இங்கே முடிவு வர வேண்டும். மூன்று எழுதினேன்.

(அ) தங்கை ஒரு சொற்பொழிவு ஆற்றுகிறாள். ரவுண்டு சார் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பல் ஆஸ்பத்திரியிலிருந்து கைதட்டல். தங்கை: "அக்கா. வெட்கமாக. இருக்கிறது."

(ஆ) தங்கை ஆபீஸுக்குப் போகிறாள். ஏழாம் வகுப்பு மொத்தமும் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்குப் போகிறது. தங்கை: "பெஞ்ச். கனம். அதிகம்."

(இ) உண்மையில் நடந்தது. இதைத்தான் முதலில் அடித்தாள். "ஏண்டி, இதுல என்ன பொய்?" என்று கேட்டேன். "படிப்பவர்கள். டீச்சர்கள். அவர்களுக்கே. தெரியும்" என்றது போன்.

ஆகவே, டீச்சர்களே, சார்களே, உங்களிடம் விட்டுவிடுகிறேன். நீங்கள் அந்தப் பலகைக்கு முன்னால் நிற்கிறீர்கள். வகுப்பின் பின்பக்கம், உங்கள் தொண்டையைக் காப்பாற்ற நினைக்கிற ஒரு நல்ல மனிதர், பதிலுக்காக நிற்கிறார். முன்பக்கம், தப்பான விடையோடு ஒருத்தி நிற்கிறாள், வகுப்பே அவள் கட்சி. உங்களிடம் இருப்பது கொஞ்சம் குரல். பக்கத்தில் நிற்கிறவருக்கு மட்டும்தான் கேட்கும். அதனால் யாராவது ஒருவர் பக்கத்தில் நடந்துபோய்த்தான் பேச முடியும். இரண்டாமவருக்கு மிச்சம் இருக்குமா என்று சொல்ல முடியாது.

தங்கை நடந்தாள். எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதிவிட்டால், ரவுண்டு சார் என்ன முடிவெடுத்தார் என்பதும் உங்களுக்கே தெரிந்துவிடும்.

பொறுப்பாளருக்கு: ஏழு, எட்டு, ஒன்பது குறிப்புகள் கதை ஓட்டத்தில் எங்கோ விழுந்துவிட்டன. பத்தாவது மட்டும் இருக்கிறது.

குறிப்பு 10: ஒயரைப் பிடுங்கியதும் முதலில்— (மீதியையும் தங்கை அடித்துவிட்டாள், நீங்களே எழுதிக்கொள்ளவும்.)