தலைவர் கொடுத்த சாம்பிள்

ஆற்றங்கரை அடுக்ககத்தின் சங்கத் தலைவருக்குப் பணி ஓய்வுக்குப் பிறகு ஒரே வேலை, ஊரைத் திருத்துவது. தம் வீடு நீங்கலாக எல்லாவற்றையும் திருத்திக்கொண்டிருந்தார். ஆற்றில் குளித்த பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்து, தண்ணீரில் மலக்கிருமி இருப்பதாக நகராட்சி அறிவித்ததும், எதிர்க்கரையில் எருமைகளைக் குளிப்பாட்டும் மாட்டுக்காரரைக் கைகாட்டினார்.

"நாங்கல்லாம் படிச்சவங்க. எங்க போகணும்னு எங்களுக்குத் தெரியும். எருமைக்குத் தெரியுமா?"

எருமைகள் ஆற்றில் இறங்கத் தடை வந்தது. மாட்டுக்காரர் நேரே நகராட்சி ஆய்வுக்கூடத்துக்குப் போய் நின்றார். "என் மாடுதான்னு நிரூபிச்சிட்டுத் தடை போடுங்க. குத்துமதிப்பா பழி போடாதீங்க."

அதை நிரூபிக்கும் பொறுப்பு விழுந்தது, அங்கே ஆய்வாளராக இருந்த தலைவரின் மருமகள் தலையில். ஒவ்வொரு பிராணியின் குடலிலும் வாழும் கிருமிக்கு அதற்கென்று ஒரு டி.என்.ஏ. அமைப்பு உண்டு. அதைத் துண்டாக்கிப் படமெடுத்தால் விரல் ரேகைபோலக் கோடுகள் விழும். ஆற்றுக் கிருமியின் கோடுகளை எருமை, நாய், வாத்து, மனிதன் என்று ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டால், குற்றவாளி எந்த இனம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சாணி சுலபமாகக் கிடைத்தது. நாய்களும் வாத்துகளும் கேட்காமலே கொடுத்தன. மனிதர்கள்தான் பிகு பண்ணினார்கள். அடுக்ககத்தில் கதவைத் தட்டிப் புட்டியை நீட்டியவளுக்குக் கிடைத்தது 'பீ டாக்டர்' என்ற பட்டம் மட்டும்தான். கடைசியில் தலைவரே முன்வந்தார்.

"நான் குடுக்கிறேம்மா. மடியில கனமில்ல, வழியில பயமில்ல."

மறுநாள் காலை புட்டி வந்தது. அதன்மேல் அவர் பெயரும், வகித்த பதவிகளும், சங்கத் தலைவர் என்ற பட்டமும் முத்து முத்தான எழுத்தில் இருந்தன. அதைப் பார்த்துவிட்டுப் பலரும் கொடுத்தார்கள்.

படங்கள் வந்த அன்று மருமகள் மேசையைவிட்டு எழவேயில்லை. ஆற்றில் எடுத்த கிருமிகளில் எருமையின் கோடு அரிதாகத்தான் இருந்தது. முக்கால்வாசி மனிதக் கோடு. அடுக்ககத்துக்குக் கீழே எடுத்த தண்ணீரில் ஒரு கிருமியின் கோடுகள், பட்டங்களோடு வந்த அந்தப் புட்டியின் கோடுகளோடு இம்மி பிசகாமல் பொருந்தின. மறுபடி செய்து பார்த்தாள். மறுபடியும் மாமனார்தான்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். தலைவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"உன் மெஷின் ரிப்பேரு! எனக்கும் ஆத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"உங்களுது மட்டும்னு சொல்லல மாமா. அதே கிருமி வேற யாருக்காவது இருக்கலாம். நம்ம கட்டடத்துது எல்லாமே போகுதுன்னு நினைக்கிறேன். என்னுதும்தான்."

"நினைக்கிறியா? நிரூபி!"

அவள் பச்சைச் சாயப்பொடி கொண்டுவந்து, அவர் கண்ணெதிரே அவருடைய கழிவறையில் கொட்டித் தண்ணீர் விட்டாள். இருவரும் கரைக்குப் போனார்கள். எதிர்க்கரையில் மாட்டுக்காரர் நின்றிருந்தார். கொஞ்ச நேரத்தில், புதருக்குள் மறைந்திருந்த குழாயின் வாயிலிருந்து கிளிப்பச்சையாகத் தண்ணீர் வழிந்து ஆற்றில் பரவியது.

"எருமை பச்சையாப் போகாதுங்க!" என்று அக்கரையிலிருந்து குரல் வந்தது.

அடுக்ககத்தின் காவலாளியைக் கூப்பிட்டு விசாரித்தபோது மீதியும் வந்தது. கழிவைச் சுத்திகரிக்கும் தொட்டியின் மோட்டார், தலைவர் படுக்கும் அறைக்கு நேர் கீழே. அந்த இரைச்சலில் மதியத் தூக்கம் கெடுகிறதென்று அதை நிறுத்தச் சொன்னவர் அவரேதான். நிறுத்தியதும் தொட்டி நிரம்பியது. நிரம்பியது வழிவதற்குக் குழாய் வைத்தார்கள்.

"வழியும்னுதான் சொன்னாங்க. ஆத்துல வழியும்னு யாரும் சொல்லலியே" என்றார் தலைவர்.

சங்கக் கூட்டம் அமளிதுமளிப்பட்டது. குழாயைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நம்முடைய மலத்தை நமக்கு எதிராகவே சாட்சி சொல்லவைத்துவிட்டாள் என்பதுதான் எல்லாருக்கும் ஆத்திரம். ஆய்வுக்கூட அதிகாரியிடமும் பேசிப் பார்த்தார்கள். அவர் மருமகளை அழைத்து நைச்சியமாகச் சொன்னார்.

"ரிப்போர்ட்டுல மனுஷன்னு எதுக்கும்மா போடணும்? 'பாலூட்டி'ன்னு போட்டா அதுவும் உண்மைதானே?"

"எருமையும் பாலூட்டிதான் சார்."

"அதனாலதான் சொல்றேன்."

அவள் மனிதன் என்றே எழுதி, அடுக்ககத்தின் முகவரியையும் சேர்த்துக் கையெழுத்திட்டாள். எருமைகளின் தடை நீங்கியது. நகராட்சி ஆட்கள் காலையில் வந்து குழாயைச் சிமென்ட் வைத்து அடைத்தார்கள். மதியத்துக்குள் தரைத்தளத்துக் கழிவறைகள் எதிர்த்துக்கொண்டு பொங்கின. பொழுது சாய்வதற்குள், நாலு பேர் கூடி நின்று மோட்டாரை ஓடவிட்டார்கள்.

தலைவர் மருமகளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். மாட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்கவும் போகவில்லை. மாமியார்தான் போனாள். திரும்பி வந்து, சமையலறையில் மருமகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"கல்யாணமான நாள்லேருந்து இந்த மனுஷன் பண்றதுக்கெல்லாம் அடுத்தவன் மேலதான் பழி. பாதி என் மேல. ஆதாரத்தோட மாட்டினது இதுதான்டி முதல் தடவ."

கீழே மோட்டார் இரைந்தது. தலைவர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு புரண்டு படுத்தார்.