சிவப்புப் பிளக்: ஐந்தாவது வரைவு

1

இந்தக் கதை ஒரு பொய் அறிக்கையிலிருந்து பிறந்தது. அறிக்கையை எழுதியவன் நான். தொழில் லிஃப்ட் மெக்கானிக். சனிக்கிழமைகளில் ஒரு பள்ளியின் ரோபோ அணிக்குப் பயிற்சியாளர். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறவன். இந்த மூன்றில் எதில் யோக்கியன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இன்று நான்கு மணிக்குத் தலைமையாசிரியை அறையில், பதினாறு வயதுப் பெண் ஒருத்தி அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடப் போகிறாள். 'என் கவனக்குறைவால் நேர்ந்தது' என்ற வரிக்குக் கீழே, இடது கையால். வலது கையில் இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை. இப்போது மணி இரண்டரை.

2

தொடக்கத்துக்கு முயன்ற வாக்கியங்கள்:

"பட்டறைக்குள் அன்று வெயில் சாய்வாக" (வெயிலுக்கு இங்கே என்ன வேலை?)

"பயிற்சியாளர் கண்டிப்பானவர், ஆனால் பிள்ளைகள் மீது" (இந்த ஆள் ஒவ்வொரு வரைவிலும் முதல் பத்தியிலேயே நல்லவராகிவிடுகிறார். எனக்கு அவர் மேல் துளியும் நம்பிக்கை இல்லை.)

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

3

அணியில் அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர். எதற்கும் காரணம் கேட்பாள்.

எங்கள் ரோபோவுக்கு மின்சாரம் போக, கட்டைவிரல் அளவுள்ள சிவப்புப் பிளக் ஒன்றைச் செருக வேண்டும். உள்ளே கை வைக்கிறவர் முதலில் அதைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்வது விதி. பிளக் பையில் இருக்கும்வரை கை பத்திரம். விதியைக் கொண்டுவந்தவனே நான்தான். லிஃப்ட் குழிக்குள் ஆள் இறங்கும்போது நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

ஆனால் ஒருவர் கை வைத்தால் மற்றவர்கள் சும்மா நிற்க வேண்டியிருந்தது. போட்டிக்கு நான்கு சனிக்கிழமைகளே பாக்கி. நான் இரண்டாவதாக ஒரு பிளக் செய்தேன்.

"சார், இன்னொண்ணு இருந்தா பாக்கெட்ல இருக்கிறதுக்கு என்ன மரியாதை?"

"வக்கீலம்மா, இது கோர்ட் இல்ல. வேலை நடக்கணும்."

"கை யாரோடது சார்?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த வாரம், "தூக்கிப் போட்டாச்சு, இப்ப சந்தோஷமா?" என்றேன். அவள் நம்பினாள். பிளக் என் மேசை இழுப்பறையில் இருந்தது.

(அடிக்குறிப்பு: பயிற்சியாளர் ஏன் பொய் சொன்னார் என்பதற்கு ஒரு முழுப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். கடுமையான அப்பா, இளமையில் பட்ட அவமானம் எல்லாம் அதில் வந்தன. கிழித்துவிட்டேன். சின்னப் பெண்ணிடம் தோற்க மனசில்லை, அவ்வளவுதான்.)

4

ரோபோவின் கை, பாரம் தூக்கும்போது உதறியது. பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்றாள் அவள். வயர் தளர்ந்திருக்கிறது என்றேன் நான். அணியின் மற்ற இரண்டு பிள்ளைகளும் சாமான் எடுக்க மாடிக்குப் போயிருந்தார்கள்.

"வந்து தொட்டுப் பாருங்க சார். பல்லே மொழுக்குனு இருக்கு."

"வயர்தான். இப்ப காட்றேன் பாரு."

இழுப்பறையைத் திறந்து அந்த இரண்டாவது பிளக்கை எடுத்தேன். அவள் கை வெளியே இருப்பதாக நினைத்துக்கொண்டு

இல்லை. நான் பார்க்கவே இல்லை. செருகினேன்.

பல்சக்கரம்தான் தேய்ந்திருந்தது.

5

ஆஸ்பத்திரியில், மயக்கம் முழுதாகத் தெளியாமல் அவள் சொன்னாள்: "சாரி சார். நான்தான் பிளக்கைக் கழட்ட மறந்துட்டேன் போல."

ஒரே ஒரு பிளக்தான் உண்டு என்று நம்புகிறவள் வேறென்ன நினைப்பாள்? "பரவாயில்லம்மா" என்றேன். அதாவது அவளை மன்னித்தேன்! அன்றைக்கே அறிக்கை எழுதினேன். ஒரு அடித்தல் திருத்தம் இல்லாமல் வந்தது.

மூன்றாம் நாள் அவள் அம்மா என் வீட்டுக்கு வந்தார். மருந்துக் கடையில் வேலை, அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். கைப்பையிலிருந்து எதையோ எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அவ வேலைக் கோட்டைத் துவைக்க எடுத்தேன் சார். பையில இது இருந்துச்சு. ஸ்கூல் சாமானாச்சே, தொலைச்சிட்டான்னு அதுக்கும் அவளைத் திட்டிடப் போறாங்கன்னு கொண்டுவந்தேன்."

சிவப்புப் பிளக். அவள் மறக்கவே இல்லை.

"அவகிட்ட காட்டினீங்களா?"

"இல்ல சார். அந்த மெஷின் பேச்சையே எடுக்க விடமாட்டேங்கிறா. நான் எதுக்குமே லாயக்கில்லம்மான்னு அதையே சொல்லிக்கிட்டிருக்கா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா."

"சொல்றேம்மா."

கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு இன்னும் என்னை அறுக்கிறது.

6

முடிவுகளைப் பார்ப்போம்.

பயிற்சியாளர் பிளக்கைச் சாக்கடையில் போடுகிறார். அவள் கையெழுத்துப் போடுகிறாள். அதன்பிறகு எந்த இயந்திரத்தையும் தொடாமல், எந்தக் கேள்வியும் கேட்காமல், எல்லாரும் மெச்சும்படி வளர்கிறாள்.

அல்லது ஒரு மொட்டைக் கடிதம் எழுதுகிறார். (கதை எழுதுகிறவனுக்குப் பொருத்தமான கோழைத்தனம்.)

அல்லது போய்ச் சொல்கிறார். வேலை போகும், போலீஸ்கூட வரலாம். அவளுக்கு விரல் திரும்ப வராது. தான் மறக்கவில்லை என்பது மட்டும் தெரியவரும். அவளுக்கு அது போதுமா? தெரியாது. அதைவிடக் குறைவாக அவளுக்கு எதையும் கொடுக்க எனக்கு உரிமையில்லை என்பது தெரியும்.

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகர் கையில் விட்டுவிடுவார்கள். விட்டால் நீங்கள் மூன்றாவதைத்தான் எடுப்பீர்கள். உட்கார்ந்த இடத்தில் யார்தான் எடுக்கமாட்டார்கள்? நானும் அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

7

"அவர் பேனாவை மூடினார். பிளக்கைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். பள்ளிக்குப் பத்து நிமிட நடை."

நல்ல வாக்கியங்கள். முந்தைய நான்கு வரைவுகளிலும் இவை அப்படியே இருக்கின்றன.

மணி மூன்று ஐம்பது. 'எழுந்தார்' என்று எழுதிவிட்டு நான் உட்கார்ந்தே இருக்கிறேன். நீங்கள் இப்போது வாசிப்பதை நிறுத்தினால், ஒருவேளை நான்