கிணற்றுக்குப் பின்னால் இரண்டு காது

திருத்தங்கலில் பிள்ளைகளின் நோட்டுக்கு உறை போடக் காகிதம் வாங்குகிற வழக்கம் கிடையாது. பிரஸ்ஸில் கழித்துப்போட்ட தாள் இருக்கும்போது எவன் காசு கொடுப்பான்? அந்த ஜூனில் அழகுராஜாவின் பிரஸ்ஸில் சிறுவர் கதைப் புத்தகம் அச்சில் ஓடியது. ஆகவே ஐந்தாம் வகுப்பில் எந்த நோட்டைப் புரட்டினாலும் சிங்கம்.

பள்ளியில் கதைப் போட்டி என்றதும் பிள்ளைகள் எங்கேயும் தேடிப் போகவில்லை. நோட்டு உறையைப் பிரித்து மனப்பாடம் செய்துவிட்டார்கள். ஜெயிப்பவருக்கு விருதுநகரில் மாவட்ட மேடை. ரோஜா அந்த மேடைக்காக, கரண்டியை மைக்காகப் பிடித்து வணக்கம் சொல்லக்கூடப் பழகியிருந்தாள்.

போட்டியன்று அவளை பைக்கில் கூட்டிவந்த அப்பா வெள்ளைத்துரை, வழியில் அழகுராஜாவின் பிரஸ்ஸில் நிறுத்தினார். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அச்சடிக்க ஆர்டர் பிடித்துக் கொடுக்கிற தரகர் அவர். தீபாவளிக்கு லேபிள் அடிக்கிற சீசன் வேறு.

"அண்ணாச்சி, உங்களவிடப் பெரிய பிரஸ் ஒண்ணு வந்திருக்கு. ரேட்ட ரொம்பக் கொறச்சுப் போடுறாக."

"என்னவிடப் பெருசா? யாருவே அது?"

"பேரச் சொல்லக் கூடாதுன்னுட்டாக."

அழகுராஜா முறைத்தார், முனகினார், ரேட்டைக் குறைத்தார். பிறகு சட்டை மாற்றிக்கொண்டு அதே பள்ளிக்குக் கிளம்பினார். போட்டிக்கு நடுவரே அவர்தான்.

முதலில் பாண்டி மேடையேறினான். "ஒரு காட்டுல ஒரு சிங்கம். தெனம் ஒரு மிருகம் சாப்பாட்டுக்கு வந்துரணும்னு ஆர்டர் போட்டுச்சு. அப்பறம் கிணத்த எட்டிப் பாத்து உள்ள குதிச்சிருச்சு. எல்லாரும் ஆடுனாக. நீதி, கிணத்த எட்டிப் பாக்கக் கூடாது."

அடுத்தவள் சினேகா. அதே சிங்கம், அதே கிணறு. "நீதி, சிங்கமா இருந்தாலும் நீச்சல் படிக்கணும்."

மூன்றாவது பையன் கிணற்றுக்கு மூடி போடச் சொன்னான். நாலாவது சிங்கம் விழும்போது கூட்டமே சேர்ந்து "தொபுக்கடீர்" என்றது.

பஞ்சம்மாள் டீச்சர் நடுவரின் காதருகே குனிந்தார். "என்ன சார் இது, ஒரு பிள்ளை கதையிலயும் முயலக் காணோம்?"

அழகுராஜா நெளிந்தார். "ஒரு பக்கம் மட்டும் ஓடுன தாளு டீச்சர். முயல் வார நடுக்கதை மறுபக்கத்துல வரணும்."

ரோஜா கடைசி. ஓரமாக நின்றிருந்தாள். அவளிடமும் அதே சிங்கம்தான் இருந்தது. இன்னொரு தரம் அதைக் கிணற்றில் தள்ளினால் விருதுநகர் போன மாதிரிதான். நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைசிப் படத்தில் கிணற்றுச் சுவருக்குப் பின்னால் கூர்மையாக இரண்டு நீட்டிக்கொண்டிருந்தன. இத்தனை நாள் புல் என்று நினைத்திருந்தாள். புல் அல்ல, முயல் காது.

அப்படியானால் சிங்கம் தானாக வரவில்லை. கூட்டிவந்த ஆள் பின்னால் ஒளிந்திருக்கிறது. காட்டு ராஜாவை வெயிலில் நடத்திக் கூட்டிவர வேண்டுமென்றால் என்ன சொல்லியிருக்கும்? முன்வரிசையில் அப்பா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ரோஜாவுக்குப் பளிச்சென்று பிடிபட்டது. பேர் கூப்பிட்டு முடிக்குமுன் மேடைக்கு ஓடினாள்.

"ஒரு காட்டுல ஒரு சிங்கம்" என்று ஆரம்பித்தாள். கூட்டம் "ஐயோ" என்றது.

"அதே காட்டுல ஒரு முயல். அது தரகரு."

சிரிப்பு எழும்பி அடங்கியது. டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சாப்பாட்டு முறை முயலுக்கு வந்துச்சு. அது வேணும்னே லேட்டாப் போச்சு. 'ஏம்லே இம்புட்டு நேரம்?'னு சிங்கம் கத்துச்சு. 'கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி, வார வழியில உங்களவிடப் பெரிய சிங்கம் மறிச்சிருச்சு'ன்னுச்சு முயல். 'என்னவிடப் பெருசா? யாருவே அது?' 'பேரச் சொல்லக் கூடாதுன்னுட்டாக.'"

அழகுராஜாவின் தலை மெல்லத் திரும்பியது. வெள்ளைத்துரையின் கால் கீழே இறங்கியது.

ரோஜா விடவில்லை. சிங்கத்தைக் கிணற்றங்கரைக்கு நடத்தினாள், எட்டிப் பார்க்க வைத்தாள், தண்ணீருக்குள் இருந்த சிங்கத்தோடு சண்டைக்கு அனுப்பினாள். தொபுக்கடீர் என்று கத்தியது இப்போது டீச்சர்.

அழகுராஜா எழுந்தார். "கதை போதும் தாயி. நீதி என்ன? நீதி இல்லாட்டி மார்க் கெடையாது."

வெள்ளைத்துரை இரண்டு கையாலும் வேண்டாம் வேண்டாம் என்று ஜாடை காட்டினார். ரோஜா அப்பாவைப் பார்த்தாள். விருதுநகர் மைக்கை நினைத்துக்கொண்டாள்.

"உங்களவிடப் பெரிய ஆளு இருக்காகன்னு எவுகளாச்சும் சொன்னா, கோவப்படக் கூடாது. நேர்ல காட்டுன்னு கேக்கணும். காட்டுற எடத்துல தண்ணி கெடக்கான்னும் பாத்துக்கிடணும்."

அழகுராஜா முன்வரிசைக்கு நடந்து வந்தார்.

"வெள்ளைத்துரை, அந்தப் பெரிய பிரஸ் எங்கனவே இருக்கு?"

வெள்ளைத்துரை தலையைச் சொறிந்தார். "கிணத்துக்குள்ளதான் அண்ணாச்சி."

அழகுராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "முதல் பரிசு ரோஜாவுக்கு. பழைய ரேட்டு உங்கப்பனுக்கு."

கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. சட்டைப்பை இளைத்ததை மறந்து வெள்ளைத்துரையும் எழுந்து தட்டினார். ரோஜா மேடையைவிட்டு இறங்காமல் நின்றாள்.

"இன்னும் என்ன தாயி?"

"விருதுநகருக்கு வேற கதை வேணும் மாமா. இந்தத் தடவ ரெண்டு பக்கமும் ஓடுன தாளாக் குடுங்க."